கிட்டாருக்குப் பாடி கட்டிய கதை

எங்கள் நாமக்கல்லில் யாரிடம் போய் எந்தப் பொருளைக் கேட்டாலும் "இல்லை" என்ற பதில் மட்டும் வராது. இதை ஊர்ப்பெருமை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம், என் வயிற்றெரிச்சல். லாரிக்குப் பாடி கட்டிப் பிழைக்கிற ஊர் இது. ஒரு வண்டிக்கு வேண்டிய சாமான் கிடைக்காவிட்டால் இன்னொரு வண்டியின் சாமானை அராவி, தட்டி, வளைத்து மாட்டிவிட்டு "செட்டாயிருச்சுங்க" என்பார்கள். வண்டியும் கிளம்பிப் போய்விடும். எதையும் எதோடும் செட்டாக்கிவிடலாம் என்ற இந்த நம்பிக்கையில் சிக்கி ஒரு கிட்டார் பட்ட பாட்டை நான் இத்தனை வருடம் எழுதாமல் இருந்தேன். காரணம் வேறொன்றும் இல்லை, அதைப் பட்டறைவரை கொண்டுபோய்ச் சேர்த்த புத்திசாலி நான்தான்.

எண்பதுகளின் தொடக்கம். சேலத்தில் பெண்கள் கல்லூரி ஒன்றில் படித்துக்கொண்டிருந்தேன். விடுதியில் என் அறைத்தோழி தெரசா, ஏற்காட்டுக்காரி. அவளிடம் ஒரு கிட்டார் இருந்தது. உண்மையில் அது அவளுடையதுகூட இல்லை, பம்பாயில் வேலை பார்த்த அவள் அண்ணன் ஸ்டீபனுடையது. அவர் ஊரில் இல்லாத தைரியத்தில் விடுதிக்குத் தூக்கி வந்திருந்தாள். தேன் நிறத்தில், ஒரு கீறல்கூட இல்லாமல், துடைத்து வைத்த கிட்டார். விடுமுறைக்கு வரும் அண்ணன் வீட்டுக்குள் காலை வைத்ததும் முதலில் விசாரிப்பது பெற்ற தாயை அல்ல, கிட்டாரைத்தான் என்று தெரசா சொல்வாள்.

அவள் எனக்கு இரண்டே இரண்டு கார்டு, அதாவது கம்பிகள் சேர்ந்து ஒலிக்கும்படி விரல் வைக்கும் முறை, சொல்லிக்கொடுத்தாள். அந்த இரண்டை வைத்துக்கொண்டு நான் விடுதியில் நடந்த நடையை இப்போது நினைத்தாலும் எனக்கே ஓங்கி ஓர் அறை விடத் தோன்றுகிறது. பொங்கல் விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது கிட்டாரையும் கொண்டுபோகிறேன், சொந்தபந்தங்களுக்கு வாசித்துக் காட்ட வேண்டும் என்று அவள் பின்னாலேயே அலைந்தேன். தெரசா நல்லவள். நல்லவர்களுக்கு இப்படித்தான் நடக்கிறது.

"பொங்கல் முடிஞ்சு வர்ற ஞாயித்துக்கிழமை அண்ணன் வர்றாங்க. அதுக்குள்ள கிட்டார் ஏற்காட்டுக்கு வந்துடணும். எப்படிக் கொண்டுபோறியோ அப்படியே வரணும். இல்லைன்னா நான் தொலைஞ்சேன்" என்றாள்.

எங்கள் ஊர் ஆஞ்சநேயர் மேல் ஆணையிட்டேன். (அவரும் கேட்டுக்கொண்டு பேசாமல்தான் நின்றார்.)

பொங்கலன்று வந்திருந்த உறவுக் கூட்டத்தின் நடுவே கிட்டாரை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். சுருதி சேர்ப்பது எப்படி என்று தெரசா எனக்குச் சொல்லித் தரவில்லை, நானும் கேட்கவில்லை. முறுக்கினால் சுருதி ஏறும் என்பது மட்டும் தெரியும். ஏறினால் நல்லதுதானே என்று திருகாணியை முறுக்கினேன். இன்னும் கொஞ்சம் முறுக்கினேன். கடைசிக் கம்பி படீரென்று அறுந்து என் கன்னத்தில் ஒரு கோடு போட்டது. உறவுக்காரர்கள் இதுதான் வாசிப்பு என்று நினைத்துத் தலையாட்டினார்கள்.

அறுந்தது நைலான். கண்ணாடிபோல உள்ளே தெரிகிற மெல்லிய இழை. அதைக் கையில் எடுத்துப் பார்த்ததும் என் மூளைக்கு ஒரு பெரிய உண்மை புலப்பட்டது. சினிமாப் பாட்டுகளில் கிட்டார் கணீரென்று ஒலிக்கிறதே, அது இரும்புக் கம்பியில் அல்லவா வரும்? பாவம் ஸ்டீபன், நிஜக் கம்பி கிடைக்காமல் ஏதோ பிளாஸ்டிக்கைக் கட்டி வைத்திருக்கிறார். நல்ல கம்பியாகப் போட்டுத் திருப்பிக் கொடுத்தால் எவ்வளவு சந்தோஷப்படுவார் என்று, பார்த்தே இராத அந்த மனிதருக்காக இரக்கப்பட்டேன்.

அப்பாவுக்கு லாரி பாடி கட்டும் பட்டறை. விஷயத்தைக் கேட்டதும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

"கம்பிதான சாமி போச்சு? கையோ காலோ போன மாதிரி மூஞ்சிய வெச்சுக்கிட்டு ஒக்காந்திருக்கற. நம்மூர்ல கம்பிக்கா பஞ்சம்?"

பஞ்சமே இல்லை. அதுதான் பிரச்சினை. இரும்புக் கடைக்காரர் கான்கிரீட் கட்டும் கட்டுக்கம்பியை ஒரு சுருளாகவே எடுத்து வைத்தார். சைக்கிள் கடைக்காரர் பிரேக் ஒயரைப் பிரித்து, இதில் ஓர் இழை போதும் என்றார். கோழிப்பண்ணை வைத்திருந்த என் மாமா, கூண்டுக்கு அடிக்கும் வலைக்கம்பியை நீட்டி, "துருவே புடிக்காது அம்மிணி, கோழி எச்சத்துக்கே தாங்குது" என்று உத்தரவாதம் கொடுத்தார். அப்பா தன் பங்குக்கு ஒரு லாரியின் ஆக்ஸிலேட்டர் கேபிளைக் கொண்டு வந்து, "இது பத்து டன்னு வண்டியவே இழுக்குது, உங்க பாட்ட இழுக்காதா?" என்றார். ஒருவர்கூட "எங்களிடம் இல்லையம்மா, வேறு எங்காவது பாருங்கள்" என்று சொல்லவில்லை. மனிதர்கள் உதவி செய்வதை நிறுத்தினால் உலகம் எவ்வளவு அமைதியாக இருக்கும் என்று அன்றுதான் தோன்றியது.

அம்மா மட்டும் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "மோகனூர் ஆத்துல மீன் புடிக்கறவங்க வெச்சிருப்பாங்கல்ல, தங்கூஸ் நரம்பு, அது மாதிரியேதான இருக்குது? அதுல ஒரு மொழம் வாங்கிக் கட்டுனா ஆகாதா?" என்று கேட்டாள்.

"அம்மா, இது மேல்நாட்டு வாத்தியமுங்க. தூண்டில் இல்ல" என்றேன். (அம்மா சொன்னதைக் கட்டியிருந்தாலே ஏறக்குறைய சரியாக இருந்திருக்கும் என்று பல வருடங்கள் கழித்துக் கிட்டார் வாசிக்கும் ஒருவர் சொன்னார். இதை நான் இன்றுவரை அம்மாவிடம் சொல்லவில்லை. சொல்லவும் போவதில்லை.)

மறுநாள் சேலத்துக்குப் பஸ் ஏறினேன். கடைவீதியில் ஒரு வாத்தியக் கடை இருந்தது. தவில், மிருதங்கம், நாதஸ்வரத்துக்குச் சீவாளி, ஆர்மோனியம் எல்லாம் அடைந்து கிடக்கும். உள்ளே இருந்தவர் பொறுமைசாலி.

"பழைய கம்பி கொண்டாந்தீங்களாம்மா? பாத்தாத்தான் சரியா எடுத்துத் தர முடியும்" என்றார்.

கொண்டு வரவில்லை. அறுந்த கம்பியை அம்மா அதற்குள் எடுத்து அவரைக்கொடியைப் பந்தலோடு சேர்த்துக் கட்டிவிட்டிருந்தாள். இதைக் கடைக்காரரிடம் சொல்ல எனக்குக் கௌரவம் இடம் கொடுக்கவில்லை.

"ஸ்டீலா, நைலானாம்மா?" என்று கேட்டார். அந்த மனிதர் கேட்டார் என்பதைப் பதிவு செய்துவிடுகிறேன், அவர் மேல் பழி வரக் கூடாது.

"ஸ்டீல்தாங்க. நாங்க நைலான் எல்லாம் போடறதில்ல" என்றேன். அந்த "நாங்க"வில் யார் யாரைச் சேர்த்துக்கொண்டேன் என்று எனக்கே தெரியாது. இரண்டு கார்டு தெரிந்தவளின் திமிர் அது. ஒரு கம்பியை மட்டும் வாங்கினால் மற்ற ஐந்தும் பிளாஸ்டிக்காக இருந்து மானத்தை வாங்குமே என்று முழு செட்டாகவே வாங்கிக்கொண்டேன்.

வீட்டில் பழைய கம்பிகள் ஐந்தையும் கழற்றினேன். அவையும் அவரைப் பந்தலுக்குப் போயின. புதுக் கம்பிகளை ஒவ்வொன்றாக மாட்டி முறுக்கினேன். கிட்டாரின் வயிற்றில் பிரிட்ஜ் என்று ஒரு மரக்கட்டை ஒட்டியிருக்கும், கம்பிகளின் அடிமுனையைப் பிடித்துக்கொண்டிருப்பது அதுதான். நான் கடைசிக் கம்பியை முறுக்கும்போது அந்தக் கட்டைக்குக் கீழே மெதுவாக ஒரு முனகல் கேட்டது. புதுக் கம்பி, அப்படித்தான் இருக்கும் என்று இன்னும் ஒரு சுற்று விட்டேன். கட்டை பெயர்ந்து பறந்தது. ஆறு கம்பிகளும் அதோடு சேர்ந்து கிளம்பிச் சுவர்க் காலண்டரைக் கிழித்துவிட்டுத் தொங்கின.

தெரசாவின் முகம் கண் முன்னால் வந்தது. "எப்படிக் கொண்டுபோறியோ அப்படியே" என்று அவள் சொன்னது வந்தது. உட்கார்ந்து அழுதேன்.

அப்பா வந்து கிட்டாரைத் தூக்கினார். கட்டை பெயர்ந்த இடத்தை விரலால் தடவினார். முதுகைத் தட்டினார். துளைக்குள் ஒரு கண்ணை வைத்துப் பார்த்தார். பட்டறைக்கு வந்த வண்டியைப் பார்ப்பதுபோல எல்லாம் பார்த்து முடித்துவிட்டுத் தீர்ப்புச் சொன்னார்.

"கம்பி நல்ல கம்பி. பாடிதான் வீக்கு."

அந்த நேரத்தில் எனக்குக் கொஞ்சம் புத்தி வந்தது என்பதையும் பதிவு செய்ய வேண்டும். "அப்பா, ஒருவேளை கம்பிதான் தப்போ என்னமோங்கப்பா. பழையபடி நைலானே போட்டுட்டா இவ்வளவு இழுக்காதுன்னு நெனைக்கறேன்" என்றேன்.

அப்பா என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"அம்மிணி, நான் இத்தன வருசமா பாடி கட்டறேன். லோடு தாங்காம வண்டி வந்து நிக்குதுன்னு வெய்யி. லோட்டக் கொறைங்கன்னு ஓனருகிட்ட சொன்னா அவன் அடுத்த வாட்டி நம்ம பட்டறப் பக்கம் வருவானா? பாடியத்தான் ஸ்ட்ராங்குப் பண்ணோணும். அதுதான் தொழிலு."

இந்தத் தத்துவத்தில்தான் எங்கள் ஊரே நிற்கிறது.

"சும்மா வஜ்ஜிரம் வெச்சு ஒட்டிக் குடுத்தாப் போதுமுங்கப்பா" என்று மட்டும் கெஞ்சினேன்.

"நீ பேசாம ஊட்ல இரு. சனிக்கெழம பொழுதோட வந்து பாரு" என்று சொல்லிவிட்டுக் கிட்டாரைக் கைக்குழந்தைபோல ஏந்திக்கொண்டு பட்டறைக்குப் போனார்.

சனிக்கிழமை மாலை போனேன். போகும்போது, பாதகமில்லை, கட்டையை ஒட்டியிருப்பார்கள், ஒட்டிய தடம் லேசாகத் தெரியும், தெரசாவிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்ளலாம் என்று மனதைத் தேற்றிக்கொண்டுதான் போனேன். கிட்டாரை ஒரு ஸ்டூலின் மேல் நிறுத்தி வைத்திருந்தார்கள். அது கிட்டார்தானா என்று எனக்குப் புரியவே கொஞ்ச நேரம் பிடித்தது.

பிரிட்ஜ் கட்டையை நான்கு போல்ட் போட்டு, வாஷர் வைத்து, உள்பக்கம் நட்டால் இறுக்கியிருந்தார்கள். கழுத்து வளையக் கூடாது என்று அதன் பின்புறம் நெடுக ஓர் இரும்புப் பட்டை அடித்திருந்தார்கள். விளிம்பெல்லாம் தகரம் மடித்து ஆணி. இதெல்லாம்கூடப் போகட்டும். பட்டறையில் பெயிண்டர் பழனிச்சாமி என்று ஒருவர் இருந்தார். பெயிண்ட் அடிக்காமல் ஒரு பொருள் பட்டறையை விட்டு வெளியே போவதை அவர் வாழ்நாளில் அனுமதித்ததில்லை. தேன் நிறக் கிட்டார் கிளிப்பச்சை ஆகியிருந்தது. துளையைச் சுற்றித் தாமரை இதழ். இரண்டு பக்கமும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு இரண்டு கிளிகள். மேலே வளைவாக, நிழல் கொடுத்த எழுத்தில், "ஸ்டீபன்". திருப்பிப் பார்த்தேன். முதுகில் மஞ்சள் எழுத்தில் "ஒலி எழுப்பவும்", அதற்குக் கீழே "நாமக்கல்".

"ஓனரு பேரு அப்பா சொன்னாருங்க. தப்பில்லாம எழுதியிருக்கறனான்னு பாருங்க அம்மிணி" என்றார் பழனிச்சாமி.

தப்பில்லாமல்தான் எழுதியிருந்தார்.

கத்துவதா, அழுவதா என்று தெரியாமல் நின்றேன். கண்ணில் தண்ணீர் மட்டும் வந்தது. "புள்ளைக்கு ரொம்பப் புடிச்சுப்போச்சுங்க" என்று பழனிச்சாமி அப்பாவிடம் சொன்னார். அதற்குள் ஒருவர் தட்டில் சூடம் கொண்டு வந்துவிட்டார். புது வண்டி பட்டறையை விட்டுக் கிளம்புமுன் பூசை போடாமல் அனுப்பும் வழக்கம் கிடையாது. கிட்டாருக்குச் சந்தனம் வைத்தார்கள், குங்குமம் வைத்தார்கள், கழுத்தில் எலுமிச்சம்பழமும் மிளகாயும் கோத்துக் கட்டினார்கள். சக்கரம் இல்லையே, எலுமிச்சம்பழத்தை எதற்கு அடியில் வைத்து நசுக்குவது என்று மட்டும் கொஞ்ச நேரம் குழம்பினார்கள். அப்பா கிட்டாரையே அதன் மேல் வைத்து ஓர் அழுத்து அழுத்தினார். பழம் நசுங்கியது. கிட்டாருக்கு ஒன்றும் ஆகவில்லை.

மறுநாள்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை. இனி எதையும் மாற்ற நேரமில்லை. நானே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு மலையிலிருந்து எங்காவது குதித்துவிடலாம் என்று இருந்தேன். அப்பா விடவில்லை.

"நாம பண்ணுன வேலைய நாமதான் நேர்ல ஒப்படைக்கோணும். ஓனரு ஒரு வார்த்த சொன்னாத்தான் எனக்குத் திருப்தி" என்று சலவைச் சட்டை போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார்.

பஸ்ஸில் கிட்டார் அப்பாவின் மடியில் வந்தது. கண்டக்டர் பச்சைக் கிளிகளைப் பார்த்தார், போல்ட்டைப் பார்த்தார், என்ன என்று கேட்காமலேயே போய்விட்டார். அந்த நாகரிகத்துக்கு இன்றும் அவருக்குக் கடமைப்பட்டிருக்கிறேன். ஏற்காட்டு மலைவளைவுகள் அப்பாவுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி நீட்டி வாந்தி எடுத்தார். அப்போதும் ஒரு கை கிட்டாரை விடவில்லை.

தெரசா வீட்டு வாசலில் நின்றுகொண்டிருந்தாள். ஸ்டீபன் காலையிலேயே வந்துவிட்டிருந்தார். உயரமாக, மெலிந்து, கண்ணாடி போட்டுக்கொண்டு, அமைதியான முகம். அப்பா வண்டிச் சாவியை ஒப்படைப்பதுபோல இரண்டு கையாலும் கிட்டாரை அவரிடம் நீட்டினார். அவர் வாங்கியதும் கை கீழே இறங்கியது. அவ்வளவு கனம். தெரசா கிட்டாரைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன்.

ஸ்டீபன் கிளியைத் தொட்டுப் பார்த்தார். தன் பெயரைப் படித்தார். திருப்பி முதுகைப் படித்தார். பிறகு ஒரு கம்பியை மெதுவாக மீட்டினார். "ணங்" என்றது. பட்டறையில் பட்டைக் கம்பி கீழே விழும்போது வருமே, அந்தச் சத்தம்.

"எப்படிங்க தம்பி இருக்குது?" என்று அப்பா கேட்டார். வாந்தி எடுத்து முகம் வெளுத்திருந்தது. சலவைச் சட்டையில் கைப்பக்கம் பச்சைப் பெயிண்ட் ஒட்டியிருந்தது. நகத்துக்குள் எல்லாம் பச்சை.

ஸ்டீபன் அப்பாவை நிமிர்ந்து பார்த்தார். கிட்டாரைப் பார்த்தார்.

"நல்லா... ஸ்ட்ராங்கா இருக்குதுங்க" என்றார்.

"அதுதானுங்களே வேணும்" என்று அப்பா நாற்காலியில் உட்கார்ந்து, கொடுத்த காபியைத் திருப்தியாகக் குடித்தார்.

நான் குடிக்கவில்லை. கொடுத்தால்தானே குடிக்க முடியும்? தெரசா எனக்கு மட்டும் டம்ளர் நீட்டவில்லை. விடுதிக்கு வந்தும் ஒரே அறையில் இருந்துகொண்டு என்னோடு பேசாமலேயே இருந்தாள். மன்னிப்புக் கேட்டேன், அழுதேன், என் பங்கு ஊறுகாயை எல்லாம் அவள் தட்டில் வைத்தேன். ஒன்றும் பலிக்கவில்லை. அவள் மௌனத்தைவிட, அதற்கு நான் தகுதியானவள் என்பதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. கோடை விடுமுறை நெருங்கும்போது ஒரு நாள் அவள் பெட்டியின் கைப்பிடி உடைந்தது. கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தவள், என் பக்கம் திரும்பி, "உங்க அப்பாகிட்ட மட்டும் சொல்லிடாதே" என்றாள். அவ்வளவுதான். இரண்டு பேரும் கட்டிலில் விழுந்து சிரித்தோம். அந்தச் சிநேகம் இன்றுவரை விட்டுப்போகவில்லை.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ஒரு பொருளை வாயார வைய முடியாத இடத்திலெல்லாம் "ஸ்ட்ராங்கா இருக்குதுங்க" என்பதுதான் விமர்சனம். என் அண்ணனைக் கட்டிக்கொண்டு வந்த அண்ணி செய்த முதல் மைசூர்பாகு ஸ்ட்ராங்காக இருந்தது. என் கல்யாணத்துக்கு எடுத்த ஒரு கருநீலப் பட்டுச் சேலை ஸ்ட்ராங்காக இருந்தது. ஏன், என்னைப் பார்க்க வந்த முதல் மாப்பிள்ளையே ஸ்ட்ராங்காகத்தான் இருந்தார். அப்பாவுக்கு மட்டும் இந்தப் பேச்சின் உள்ளர்த்தம் தெரியாது என்று நாங்கள் எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தோம். அவர் அதைத் தன் தொழிலுக்குக் கிடைத்த சர்டிபிகேட்டாகவே வைத்திருக்கிறார், பாவம், கெடுக்க வேண்டாம் என்று முதுகுக்குப் பின்னால் சிரித்துக்கொள்வோம்.

சில வருடங்களுக்கு முன் அப்பா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. சேலத்தில் ஆபரேஷன். உள்ளே ஒரு பட்டை வைத்து ஸ்குரூ போட்டிருந்தார்கள். பார்க்க தெரசா வந்திருந்தாள். எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, முகத்தை வெகு சாதாரணமாக வைத்துக்கொண்டு, "இப்ப எப்படிங்கப்பா இருக்குது?" என்று கேட்டாள்.

"ஸ்ட்ராங்கா இருக்குது அம்மிணி" என்றார் அப்பா.

எனக்கும் அண்ணிக்கும் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. வராண்டாவுக்கு ஓடப் பார்த்தோம்.

"இங்கயே நின்னு சிரிங்க" என்றார் அப்பா. "எனக்கென்ன தெரியாதா? அந்தத் தம்பி மொகத்தப் பாத்ததுமே தெரிஞ்சு போச்சு. பெரிய மனுசன், வாயத் தொறந்து வையல. மலையெறங்கற வரைக்கும் எனக்கு ஒரே வெசனம்."

எங்கள் சிரிப்பு நின்றுவிட்டது. இத்தனை வருடம் முதுகுக்குப் பின்னால் சிரித்ததெல்லாம் அவர் காதில் விழுந்துகொண்டுதான் இருந்திருக்கிறது. என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அப்பா அதற்கெல்லாம் நிற்கவில்லை. தலையணையில் கொஞ்சம் நிமிர்ந்து தெரசாவிடம் கேட்டார்: "அது கெடக்குது உடு. கிட்டாரு இன்னும் இருக்குதா?"

"அண்ணன் வீட்டுல இருக்குங்கப்பா. பேரப் பசங்க அது மேல ஏறி நின்னு ஜன்னல் வழியா எட்டிப் பாக்கறாங்க."

"கம்பி?"

தெரசா என்னைப் பார்த்தாள். நான் வேண்டாம் என்று கண்ணைக் காட்டினேன். அவள் கேட்கவில்லை.

"ஒண்ணுகூட அறுந்து போகலைங்கப்பா" என்றாள்.

அப்பா என் பக்கம் திரும்பினார்.

"கேட்டுக்க" என்றார்.